கன்னியாக் குன்றா, நக்கிள்ஸ் மலையா: அந்துப்பூச்சிகளை எங்கே, எப்படி எண்ணுவது?

நெல் மூட்டையின் வாயைப் பிரித்ததும் முகத்தில் மோதுகிற மாதிரிப் பறந்து வரும் சாம்பல் நிற அந்தைத் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் அறியாதவர் இல்லை. முருங்கை அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கிடக்கும் மயிர்க்கொட்டியையும் எல்லாருக்கும் தெரியும். பந்தம் கட்டி எரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்த மயிர்க்கொட்டி வளர்ந்து என்னவாகும் என்று கேட்டால் பாதிப் பேர் வண்ணத்துப்பூச்சி என்பார்கள். அது அந்துப்பூச்சியாகும். உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 160,000. வண்ணத்துப்பூச்சிகள் 18,000 அளவில்தான். இலங்கையில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் 250ஐ எட்டவில்லை, அந்துப்பூச்சிகளோ ஆயிரத்தைத் தாண்டி நிற்கின்றன. இரவில் பறப்பதால் மட்டும் இவ்வளவு பெரிய கூட்டம் நம் கண்ணில் படாமல் போகிறது.

திருகோணமலையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, மலைப்பகுதி ஒன்றில் அந்துப்பூச்சிகளின் இனங்களைக் கணக்கெடுப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு பேர் ஆசிரியர்கள், ஒருவர் முச்சக்கரவண்டி ஓட்டுபவர், மற்ற இருவரும் உயர்தரம் முடித்த பிள்ளைகள். எல்லாரும் வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் இதைச் செய்கிறவர்கள். கையில் இருக்கும் பணம் ஒரு நல்ல பயணத்துக்குப் போதும், அல்லது ஒரு வருடம் சிறுகச் சிறுகச் செலவழிக்கப் போதும். இரண்டுக்கும் போதாது. அதனால் எந்த மலை, என்ன விளக்கு, பிடிப்பதா படம் எடுப்பதா, எந்த மாதம் என்று ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இதே யோசனையில் இருக்கும் வேறு ஊர்க்காரருக்கும் பயன்படட்டும் என்று நாங்கள் நிறுத்துப் பார்த்த விதத்தை எழுதுகிறேன்.

எந்த மலை?

மலை என்றதும் எல்லார் வாயிலும் முதலில் வந்தது நக்கிள்ஸ். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் வரை போய்விடலாம். 1,400 மீட்டருக்கு மேலே முகில் தொட்டுக்கொண்டு நிற்கும் குட்டை மரக்காடு, கீழே இறங்க இறங்க வேறு வேறு காடு. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம்.

அந்துப்பூச்சி ஆய்வுக்கு உயரம் ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறைகிறது. அதோடு ஈரம் மாறும், மரம் மாறும், அந்த மரத்தின் இலையைத் தின்னும் புழுவும் மாறும். ஒரே மலையில் ஐந்தாறு உயரங்களில் விளக்கு வைத்தால் ஐந்தாறு வேறு நாடுகளுக்குப் போய் வந்த மாதிரிப் பூச்சிகள் வரும். அளக்கும் புழுக் குடும்பம் ஒன்று உண்டு, முதுகை வளைத்து வளைத்து சாண் போட்டு நடக்கும் புழுக்கள். விஞ்ஞானிகள் அதை ஜியோமெட்ரிடே என்பார்கள். இந்தக் குடும்பத்தைப் பற்றி உலகின் பல மலைகளிலிருந்து கிடைத்த தரவுகளை ஒன்றுசேர்த்து 2017இல் ஒரு ஆய்வு வந்தது. அடிவாரத்தையும் உச்சியையும் விட நடு உயரத்தில்தான் பெரும்பாலான மலைகளில் இனங்கள் அதிகம் என்று அது காட்டியது. அந்தப் படத்தை நம் நாட்டு மலையில் வரைய வேண்டுமானால் நக்கிள்ஸ் மாதிரி ஒரு மலை வேண்டும். திருகோணமலைக் குன்றுகளால் அது முடியாது. இதை ஆரம்பத்திலேயே ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எங்களால் நக்கிள்ஸுக்கு ஒரு தடவைதான் போக முடியும், அதுவும் மூன்று இரவுக்கு. அந்த மூன்று இரவும் காற்று வீசினால்? ரிவஸ்டனுக்குப் போனவர்களுக்கு அந்தக் காற்று தெரியும், ஆளையே தள்ளும். காற்றடித்தால் சிறு பூச்சிகள் எழும்பாது, துணித் திரையும் நிற்காது. மழை கொட்டினால் விளக்கை அணைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் இருக்க வேண்டியதுதான். வன இலாகாவின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். இவ்வளவையும் தாண்டி நல்ல மூன்று இரவு கிடைத்தாலும், கையில் வருவது ஒரு வருடத்தின் மூன்று நாள். ஜனவரியில் பறக்கும் இனம் ஜூனில் பறக்காது. முட்டை, புழு, கூட்டுப்புழு என்று மீதிக் காலத்தை ஒளிந்தே கழிக்கிற உயிர் இது. மூன்று இரவில் எழுதிய பட்டியலைப் பார்த்து அந்த மலையில் இத்தனை இனம் உண்டு என்று சொன்னால் அது சரியாக இருக்காது.

ரிட்டிகலையையும் யோசித்தோம். 766 மீட்டர். வரண்ட சமவெளியின் நடுவில் தனியாக எழும்பி நிற்கும் மலை, உச்சியில் ஈரக் காடு. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது கடுமையாகப் பாதுகாக்கப்படும் இயற்கை ஒதுக்கிடம், எங்களைப் போன்ற ஆர்வலர்கள் இரவில் விளக்கோடு ஏறுகிற இடம் இல்லை. விட்டுவிட்டோம்.

கோணேசர் மலை வீட்டுக்குப் பக்கம். கடலிலிருந்து ஏறத்தாழ 400 அடி செங்குத்தாக எழும்பும் பாறை. ஆனால் கோட்டைக்குள் படை முகாம், மேலே கோவில், சுற்றிலும் நகரத்து வெளிச்சம், மூன்று பக்கமும் கடல்காற்று. எங்கள் விளக்கு அங்கே எடுபடாது. கோவில் சுவரில் விடியற்காலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிகளை வழிபடப் போகிறவர்கள் கைபேசியில் படம் எடுத்துத் தந்தால் அது தனி வரவு. அதற்கு மேல் அங்கே எதிர்பார்க்கவில்லை.

கடைசியாகக் கன்னியா. நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் அளவு. ஏழு வெந்நீர்க் கிணறுகளால் எல்லாருக்கும் தெரிந்த ஊர். சுற்றியுள்ள குன்றுகள் உயரத்தில் சிறியவை, நக்கிள்ஸின் பக்கத்தில் வைத்தால் கல் மேடு. ஆனால் அந்தச் சின்ன உயரத்துக்குள்ளேயே மூன்று விதமான வாழிடம் உண்டு. அடிவாரத்தில் வயலும் பற்றையும். சரிவில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கும் வரண்ட காடு. மேலே வெயிலில் காயும் மொட்டைப் பாறையும் இடுக்கில் முளைத்த செடிகளும். புழுவுக்கு மீட்டர் கணக்கு தெரியாது. அதற்குத் தெரிந்தது தன்னுடைய செடி. அலரியிலும் நந்தியாவட்டையிலும் வளரும் பச்சைப் பருந்து அந்து வீட்டு முற்றத்தை நம்பியிருக்கிறது. பழம் துளைக்கும் அந்தின் புழுவுக்குச் சீந்தில் கொடி வேண்டும். கிலுகிலுப்பையைத் தின்கிற சிவப்புப் புள்ளி அந்து பற்றை வெளியில் பகலிலேயே பறக்கும். ஆகவே உயரத்தை வைத்து ஒப்பிடாமல் அடிவாரம், சரிவு, மேற்பாறை என்று வாழிடத்தை வைத்து ஒப்பிட்டால் கன்னியாவிலும் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்கலாம்.

இன்னொரு காரணமும் எனக்கு மனதில் பட்டது. 1890களின் தொடக்கத்தில் யெர்பரி என்ற பிரித்தானியப் படை அதிகாரி திருகோணமலையில் தங்கியிருந்து பூச்சிகள் சேகரித்தார். அவை இலண்டனுக்குப் போயின. எங்கள் ஊரின் பெயர் எழுதிய சிட்டையோடு குத்தி வைத்த பூச்சிகள் அங்கே பெட்டிகளுக்குள் இருக்கின்றன. அதற்குப் பிறகு 130 வருடத்தில் ஊர் எவ்வளவோ மாறிவிட்டது. காடு வெட்டப்பட்டது, குளங்கள் திருத்தப்பட்டன, போர் வந்து போனது. இந்த ஊர்ப் பிள்ளைகளே இந்த ஊரின் பூச்சிகளை எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அதை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் நடுநிலையோடு எடை போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

என்ன விளக்கு?

வெளிச்சத்தைக் கண்டு விட்டில் ஏன் வருகிறது என்பதற்கு நிலாவைக் குறிவைத்துப் பறக்கிறது, சூட்டைத் தேடி வருகிறது என்று பல கதைகள் இருந்தன. 2024இல் வெளிவந்த ஒரு ஆய்வு அதிவேக ஒளிப்படக் கருவியால் படம் பிடித்து வேறு விளக்கம் தந்தது. பூச்சிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிவது வானத்தின் வெளிச்சத்தால். வெளிச்சம் இருக்கும் பக்கத்துக்கு முதுகைத் திருப்பி வைத்துக்கொண்டு அது பறக்கிறது. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அதன் பக்கம் முதுகைச் சாய்க்கிறது, சாய்ந்ததால் பாதை வளைகிறது, வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டே அகப்பட்டுவிடுகிறது. ஆசைப்பட்டு வருவதில்லை, பொறியில் விழுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு இரவு முழுவதும் அதிக வெளிச்சம் போடுவது எனக்கு உறுத்தத் தொடங்கியது. அந்தப் பூச்சிக்கு அது தின்னாமலும் முட்டை இடாமலும் கழிந்த ஒரு இரவு.

பழைய முறை பாதரச ஆவி விளக்கு. 125 வாற்று அல்லது 160 வாற்று. காட்டு நடுவில் ஜெனரேற்றரைப் போட்டு, வெள்ளைத் துணியைக் கட்டி, இந்த விளக்கை ஏற்றினால் பூச்சிகள் கொட்டும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை இது நிறைய விடுவதுதான் காரணம். ஒரே இரவில் நிறைய இனம் பார்க்க வேண்டும் என்றால் இன்றும் இதை மிஞ்சுவது கடினம். குறைகளும் பெரிது. ஜெனரேற்றரின் சத்தம், பெற்றோல் செலவு, மழைத்துளி பட்டால் வெடிக்கும் சூடான கண்ணாடி, வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு வரும் கேடு. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின்படி பொதுப் பாவனைக்கான இந்த விளக்குகள் 2020உடன் நிறுத்தப்பட வேண்டியவை. இன்றைக்கு ஒன்று கிடைத்தாலும் அது உடைந்தால் மாற்று கிடைக்கும் என்று நம்பி ஒரு வருட வேலையைத் தொடங்க முடியாது. நடுவில் விளக்கு மாறினால் முன் மாதக் கணக்கோடு பின் மாதக் கணக்கை ஒப்பிடவும் முடியாது.

இரண்டாவது, ஆக்ற்றினிக் என்று சொல்லும் சிறு குழல் விளக்கு. 8 அல்லது 15 வாற்று. ஒரு வாளி, அதன் மேல் புனல், புனலுக்கு மேலே நிற்க வைத்த குழல், வாளிக்குள் முட்டை அடுக்கி வரும் மட்டைகள். பூச்சி குழலில் மோதி, புனலால் சறுக்கி, மட்டையின் குழிக்குள் போய் அமர்ந்து தூங்கிவிடும். காலையில் மட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடலாம். வருகிற எண்ணிக்கை குறைவு. ஆனால் ஆள் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை, அந்தியிலிருந்து விடியும் வரை தானே வேலை செய்யும். அந்துப்பூச்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பறப்பதில்லை என்பதால் இது பெரிய விஷயம். மெல்லிய சிறகுள்ள பல இனங்கள் அந்திக்கருக்கலிலேயே வரும். பெரிய உருவமுள்ள சில நடுச்சாமம் கழிந்துதான் வரும். ஏழு மணிக்குத் துணி கட்டிப் பத்து மணிக்கு மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் சாமத்துக்குப் பின் வருகிற பூச்சியை எந்தக் காலத்திலும் காண மாட்டார்.

பற்றரிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். 15 வாற்று விளக்கு 12 வோல்ற்றில் 1.25 அம்பியர் இழுக்கும். பதினொரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 14 அம்பியர் மணி. மோட்டார் சைக்கிள் பற்றரி பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு, சாமத்தில் அணைந்துவிடும். கார் பற்றரி தாராளமாகப் போதும், ஆனால் அதைச் சரிவில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

மூன்றாவது எல்ஈடி. 2017இல் ஒரு ஜேர்மன் விஞ்ஞானி இதற்கென்றே ஒரு விளக்கை வடிவமைத்து வெளியிட்டார். அந்துப்பூச்சியின் கண் எந்த நிறங்களை அதிகம் உணர்கிறதோ அந்தப் புற ஊதா, நீலம், பச்சைப் பகுதிகளில் ஒளி விடும்படி செய்தது. கைக்கடக்கமானது, சூடாகாது, கைபேசிக்குச் சக்தி ஏற்றும் பவர்பாங்கிலேயே எரியும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் செலவுதான் இடிக்கிறது. உள்ளூரில் கிடைக்கும் புற ஊதா எல்ஈடிக் கீற்றுகளை வாங்கி நாங்களே ஒன்றைக் கட்டலாம். 20,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதிய பவர்பாங்க் ஒன்றில் 74 வாற்று மணி அளவு சக்தி இருக்கும். 10 வாற்று விளக்கை, இடையில் போகும் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஆறு மணி நேரம் எரிக்கும். இரண்டு எடுத்துப் போனால் இரவு முழுவதும் காணும். கடையில் விற்கும் சாதாரண வெள்ளை எல்ஈடி மின்குமிழ் இதற்கு உதவாது. அதில் புற ஊதா இல்லை என்றே சொல்லலாம்.

துணித் திரைக்கு வெள்ளை வேட்டி போதும். வெளிரவைக்கும் சேர்மானம் உள்ள சலவைத்தூளில் தோய்த்த வேட்டி புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும், பூச்சியின் நிறம் படத்தில் மாறித் தெரியும். அதனால் வெறும் சவர்க்காரத்தில் தோய்த்த வேட்டியை இதற்கென்று ஒதுக்கிவிட்டோம்.

நாங்கள் எடுத்த முடிவு: கணக்குக்கு வாளிப் பொறி, கண்ணுக்குத் துணித் திரை. அடிவாரம், சரிவு, மேற்பாறை மூன்றிலும் ஒரே மாதிரியான மூன்று வாளிகள், ஒரே வகை விளக்கு, ஒரே நேரம். பற்றரிச் சுமையை நினைத்து உள்ளூர் எல்ஈடியையே தேர்ந்தோம். இந்தச் சிறு விளக்குகள் இழுப்பது சில பத்து மீட்டர் தூரத்துக்குள்தான், அதனால் வாளிகளுக்கு இடையில் நூறு மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விட்டால் ஒன்றின் பூச்சியை மற்றது இழுக்காது. துணித் திரையில் வருவதைப் பட்டியலில் தனியாக எழுதுவோம், வாளிக் கணக்கோடு கலக்க மாட்டோம். பிள்ளைகள் ஆசையோடு பார்க்கிற இடம் திரைதான். அது இல்லாமல் வாளிகளை மட்டும் வைத்துவிட்டு வந்தால் ஆறாம் மாதம் யாரும் கூட வர மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

விளக்குக்கு வராத இனங்களுக்குப் பனங்கட்டிப் பாகு. கனிந்த வாழைப்பழம், பனங்கட்டி, கொஞ்சம் கள்ளு மூன்றையும் பிசைந்து ஒரு நாள் புளிக்க வைத்து மரத்தண்டில் தோள் உயரத்தில் பூசிவிட வேண்டும். பழம் துளைக்கும் அந்தும், ஆந்தைக் கண் வரைந்த பெரிய இருட்டு அந்தும் இதற்கு நன்றாக வரும். எறும்பும் வரும். செலவு இல்லாத முறை, ஆனால் எண்ணிக்கையை ஒப்பிட உதவாது. பட்டியலில் சில பெயர்களைக் கூட்டும், அவ்வளவுதான்.

பிடிப்பதா, படமா?

எங்களுக்குள் அதிகம் வாதாடியது இதில்தான். நேர்மையாகச் சொன்னால், படம் மட்டும் போதாது. பருந்து அந்துகள், பட்டுக் குடும்பத்துப் பெரியவை, புலி அந்துகள் இவற்றைப் பெரும்பாலும் படத்திலேயே அடையாளம் காணலாம். ஆனால் பழுப்பும் சாம்பலுமாக ஒரே மாதிரி இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு அந்துகளில் பல, வயிற்று நுனியை வெட்டி இனப்பெருக்க உறுப்பை நுண்காட்டியில் பார்த்தால்தான் பிரியும். அல்லது ஒரு காலை எடுத்து மரபணுவைப் படிக்க வேண்டும். மாதிரி எடுத்துக் குத்தி வைத்தால், ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் எடுத்துப் பார்த்து எங்கள் பிழையைத் திருத்தலாம். யெர்பரி சேகரித்தவை இன்றும் பயன்படுவது அதனால்தான். 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளில் இந்தியா, இலங்கை, பர்மா அந்துப்பூச்சிகளை ஹாம்ப்சன் என்ற பிரித்தானியப் பூச்சியியலாளர் விவரித்ததும் குத்தி வைத்த மாதிரிகளைப் பார்த்துத்தான்.

மறுபக்கம் சட்டம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. ஆய்வுக்கு மாதிரி எடுக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும், வன இலாகாவின் காட்டுக்குள் போக அவர்களுடைய அனுமதியும் வேண்டும். யால பூங்காவில் 2020இல் பூச்சிகளைச் சட்டவிரோதமாகச் சேகரித்து அகப்பட்ட இரண்டு வெளிநாட்டவருக்கு 2024இல் 6 கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. பூச்சிதானே என்று நினைத்துப் போத்தலோடு காட்டுக்குள் போகிற காலம் இல்லை இது. போகவும் கூடாது.

பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து, அவர்கள் பெயரில் அனுமதி எடுத்து, மாதிரிகளை அவர்களிடமே ஒப்படைக்கிற ஏற்பாடு கிடைத்தால் மாதிரி எடுப்பதுதான் சிறந்தது. எங்களுக்கு இந்த வருடம் அது இல்லை. ஆகவே படம் மட்டும். இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாததைப் பேரினத்தோடு, அதுவும் முடியாவிட்டால் குடும்பத்தோடு நிறுத்திவிடுவது என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டோம். பட்டியல் நீளவேண்டும் என்பதற்காக ஊகித்துப் பெயர் எழுதக் கூடாது. ஒவ்வொரு பூச்சிக்கும் மேற்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் பின்சிறகு தெரிய ஒன்று என மூன்று படம். பக்கத்தில் ஒரு சிறு அளவுகோல் கட்டாயம். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் பிற நாட்டு நிபுணர்களும் பார்த்துச் சொல்வார்கள். செயலி தானாகச் சொல்லும் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஐரோப்பாவில் மட்டும் வாழும் பூச்சியின் பெயரைக்கூட அது நம் ஊர்ப் பூச்சிக்குச் சூட்டக்கூடும்.

இதில் இன்னொரு நடுவழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: புழுவை வளர்ப்பது. வீட்டு முற்றத்து அலரியில் கண்ட புழுவைப் போத்தலில் போட்டு, தினமும் புது இலை கொடுத்து, கூடு கட்டி வெளிவரும்வரை பார்த்தால் எந்தப் புழு, எந்தச் செடி, எந்த அந்து என்று மூன்றும் தெரியும். விளக்கு ஒருநாளும் சொல்லித் தராத தகவல் இது. மயிர்க்கொட்டியை மட்டும் வெறுங்கையால் தொடவேண்டாம்.

எந்த மாதம், எந்த இரவு?

உலக அளவில் அந்துப்பூச்சி வாரம் என்று ஒன்று 2012 முதல் ஜூலைக் கடைசியில் கொண்டாடப்படுகிறது. அது வட நாடுகளின் கோடையை வைத்து வந்தது. ஜூலையில் இங்கே கச்சான் காற்று அனலாக வீசும், பற்றையெல்லாம் காய்ந்து நிற்கும். அந்த வாரத்தை மட்டும் நம்பித் திருகோணமலையில் விளக்கு ஏற்றினால் இந்த ஊரில் பூச்சியே இல்லை என்று தோன்றிவிடும். எங்கள் மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. முதல் மழைக்குப் பின் துளிர் வரும், துளிரில் புழு வரும், சில வாரத்தில் சிறகு வரும். ஒரே ஒரு மாதம்தான் முடியும் என்றால் நவம்பர் கடைசியைச் சொல்வேன், மழை விட்ட ஒரு புழுக்கமான இரவு. வாடைக்காற்று பலமாக வீசும் இரவு வேண்டாம். வருடம் முழுவதும் முடியும் என்றால் வரண்ட மாதங்களையும் விடக் கூடாது, ஏனென்றால் கச்சான் காலத்தில் பூச்சி குறைவு என்பதும் எழுதி வைக்க வேண்டிய தரவுதான்.

நிலா வெளிச்சம் இருந்தால் விளக்குக்கு வருவது குறையும். ஆகவே அமாவாசையும் அதன் முன்பின் நான்கு நாளும். இங்கேதான் இலங்கையில் ஒரு இடைஞ்சல். மாதா மாதம் விடுமுறை கிடைப்பது போயா நாளில், அது முழுநிலா. எல்லாரும் ஓய்வாக இருக்கும் இரவுதான் பூச்சிக்கு மிக மோசமான இரவு. அமாவாசையும் எல்லா மாதமும் வசதியாக அமையாது. ஆடி அமாவாசையில் வீட்டில் பிதிர்க்கடன், மாசியில் சிவராத்திரிக்கு ஊரே கோணேசர் கோவிலில் கண்விழிக்கும். அமாவாசைக்கு அண்மித்த சனி இரவைப் பிடிப்பது என்று தீர்த்தோம். வாளிப் பொறி என்பதால் அந்தியில் வைத்துவிட்டு ஞாயிறு விடியலில் எடுத்தால் போதும்.

விடியல் என்றால் விடியல்தான். வெயில் ஏறினால் வாளிக்குள் பூச்சி செத்துவிடும். கரிச்சான் குருவிகளும் இரண்டு மூன்று தடவையில் இடத்தைப் பழகிக்கொள்ளும், விட்டதும் பிடித்துத் தின்னும். அதனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பற்றைக்குள் நிழலில் விட வேண்டும்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலிக்குளம் பக்கமும் கந்தளாய்ப் பக்கமும் யானை நடமாட்டம் உண்டு, அங்கே இரவில் காட்டு ஓரத்தில் உட்காருவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கன்னியாவிலும் புடையன் பாம்புக்காக நீள்சப்பாத்து கட்டாயம். மழைக்குப் பின் விளக்குக்கு வரும், கறுப்பும் செம்மஞ்சளுமான ஒரு சிறு வண்டு தோலில் நசுங்கினால் கொப்பளம் போடும். அதைத் தட்டாமல் ஊதிவிடுங்கள். குன்றில் நீல வெளிச்சம் எரிந்தால் ஊரார் கேட்பார்கள், ஆகவே கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் திகதியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

எண்ணியதை வைத்து என்ன சொல்ல முடியும்?

எத்தனை இரவு போட்டாலும் எல்லா இனமும் வராது. வராததை எப்படி மதிப்பிடுவது என்ற கணிதத்திலேயே அந்துப்பூச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தில் ரொதாம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் விளக்குப் பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளையும் மலாயாவில் பிடித்த வண்ணத்துப்பூச்சிகளையும் வைத்துத்தான் ஃபிஷர், கோர்பெற், வில்லியம்ஸ் மூவரும் 1943இல் இனப்பன்மையை அளக்கும் ஒரு எண்ணை உருவாக்கினார்கள். இன்னும் எளிய ஒரு வழி சாவோ மதிப்பீடு. ஒரே ஒரு தடவை மட்டும் அகப்பட்ட இனங்களை எண்ணுங்கள், இரண்டு தடவை அகப்பட்டவற்றையும் எண்ணுங்கள். முதல் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டாவது எண்ணின் இரண்டு மடங்கால் வகுத்து, கண்ட இனங்களோடு கூட்டினால், குறைந்தது எத்தனை இனம் அங்கே இருக்கும் என்று வரும். விளங்குவதற்கு ஒரு கற்பனைக் கணக்கு: கண்டது 120 இனம், அதில் 50 ஒரே தடவை, 20 இரண்டு தடவை. 50ஐ 50ஆல் பெருக்க 2,500, அதை 40ஆல் வகுக்க 62.5. ஆகவே 182 அளவு. அறுபது இனத்துக்கு மேல் இன்னும் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். ஒரு தடவை மட்டும் வந்தவை குறையக் குறையக் கண்டதும் மதிப்பீடும் நெருங்கிவரும். மூன்று இரவு நக்கிள்ஸ் பயணத்தில் பெரும்பாலான இனங்கள் ஒரே தடவைதான் வந்திருக்கும், மதிப்பீடு ஊசலாடும். கன்னியாவில் பன்னிரண்டு அமாவாசை, மூன்று வாளி, மொத்தம் 36 பொறி இரவுகள். அதில் இந்தக் கணக்கைப் போட்டால் காலூன்றி நிற்க முடியும். எங்கள் முடிவைத் தீர்த்து வைத்தது இந்தக் கணக்குத்தான்.

அதற்காக எல்லாரும் கன்னியா மாதிரி ஒரு குன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாத்தளையிலோ கண்டியிலோ இருப்பவர் நக்கிள்ஸுக்கு மாதா மாதம் போகலாம், அவர் போகத்தான் வேண்டும். பல்கலைக்கழக மாணவருக்கு வாகனமும் அனுமதியும் ஜெனரேற்றரும் இருந்தால் உயரத்துக்கு உயரம் ஐந்து இடம் வைக்கட்டும். வயல் செய்கிறவருக்கு வேறு கேள்வி இருக்கும்: தண்டு துளைப்பான் எப்போது வருகிறது, 2018இல் சோளத்தை அழித்த சேனா படைப்புழுவின் அந்து எங்கள் பக்கம் எந்த மாதம் பறக்கிறது என்று. அவருக்கு வரம்பில் ஒரு வாளி போதும், மலை தேவையில்லை. வீட்டை விட்டு இரவில் வெளிக்கிட முடியாதவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், முற்றத்துச் சுவரில் விளக்குப் போட்டுத் தினமும் எண்ணலாம். தினமும் எண்ணிய முற்றத்துக் கணக்கு என் 36 இரவுகளை விடப் பெறுமதியாகக்கூட அமையலாம்.

ஐப்பசி அமாவாசையை ஒட்டித் தீபாவளி வருகிறது. ஊரெல்லாம் வெடியும் வெளிச்சமும், நாங்களும் வீட்டில் இருக்க வேண்டிய நாள். அதனால் தீபாவளி கழிந்து வரும் முதல் சனிக்கிழமை அந்தியில் மூன்று வாளிகளும் கன்னியாவுக்குப் போகின்றன. முட்டை மட்டைகள் சேர்த்தாயிற்று, வேட்டி தோய்த்துக் காய்ந்து மடித்து இருக்கிறது. சரிவில் வைக்கும் வாளியின் புனல் மட்டும் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை, வரும் ஞாயிறு அதை வெட்டித் திருத்த வேண்டும்.